பெயரும் நிழலும்: ‘எர்த்சீயின் மந்திரவாதி’ – ஓர் அறிமுக நோக்கு

சிறுவர்க்கென எழுதப்பட்ட நூல்களைத் திறனாய்வு தன் எல்லைக்குள் அனுமதிப்பது அரிது. அவற்றை ஆசிரியப் பயிற்சிக்குரிய பொருளாகவோ, நூலகத்தின் கீழ்த்தட்டுக்குரிய பொருளாகவோ கருதி ஒதுக்கிவிடுதலே பெருவழக்காக இருந்துவந்துள்ளது. அந்நூல் அதிகற்பனைக் கதையாகவும் அமைந்துவிடின் புறக்கணிப்பு இரட்டிப்பாகும். யதார்த்தத்தை இலக்கியத்தின் உரைகல்லாகக் கொண்ட ஈழத்துத் தமிழ்த் திறனாய்வில், மந்திரமும் மாயமும் இடம்பெறும் கதைகள் பெரும்பாலும் ‘நழுவல் இலக்கியம்’ என்ற ஒரே சொல்லால் தீர்ப்பிடப்பட்டு வந்துள்ளன. அத்தீர்ப்பு பல நூல்களுக்குப் பொருந்துவதே. ஆயின் எல்லா நூல்களுக்கும் பொருந்துமா என்பது ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

‘நழுவல்’ என்ற குற்றச்சாட்டுக்கு ஆங்கிலத் திறனாய்வுலகில் இரு விடைகள் குறிப்பிடத்தக்கன. தேவதைக் கதைகள் பற்றி 1939இல் நிகழ்த்திப் பின்னர் 1947இல் அச்சேற்றிய சொற்பொழிவில் ஜே. ஆர். ஆர். ரோல்கீன், சிறையிலடைபட்டவன் வீடு திரும்ப விழைவதையும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றாகக் கருதலாகாதென வாதிட்டார். இது ஒரு விடை. அதிகற்பனையை அஞ்சும் வளர்ந்தோர் உண்மையில் அஞ்சுவது அதன் பொய்யையன்று, அது தம்மைப் பற்றிச் சொல்லும் மெய்யையே என்பது மற்றொரு விடை. 1974இல் வெளியான கட்டுரையொன்றில் இவ்விரண்டாவது விடையை முன்வைத்தவர் ஊர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்க எழுத்தாளர். அவ்விடைக்குரிய சான்றினை அவர் ஆறாண்டுகளுக்கு முன்னரே நாவல் வடிவில் அளித்திருந்தார். 1968இல் வெளிவந்த ‘எர்த்சீயின் மந்திரவாதி’ என்பதே அந்நாவல்.

அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல மொழிகளிற் பயிலப்பட்டுவரும் இந்நாவல் பல்கலைக்கழக மாணாக்கரின் கவனத்திற்கு உரியதாவதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. இது கல்வியைப் பற்றிய நாவல். அறிவு எதற்காகத் தேடப்படுகின்றது, அதனைத் தேடுவோனை அது என்ன செய்கின்றது, அறிந்தவன் தன் அறிவுக்கு எவ்வாறு பொறுப்பேற்கின்றான் என்பனவே இதன் மையப் பிரச்சினைகள். மந்திரம் என்பது இங்கு அப்பிரச்சினைகளைக் கட்புலனாக்கும் கருவியேயன்றி வேறில்லை.

லெ குவின் 1929ஆம் ஆண்டு கலிபோர்ணியாவின் பேர்க்கிளி நகரிற் பிறந்தவர். அவருடைய தந்தை அல்பிரட் குரோபர் அமெரிக்க மானிடவியலின் முன்னோடிகளுள் ஒருவர். தாய் தியடோரா குரோபர், தம் இனத்தில் எஞ்சிய கடைசி மனிதரான இஷி என்பவரின் வரலாற்றை 1961இல் நூலாக எழுதியவர். யாகி இனத்தவரான இஷி 1911இல் காட்டினின்றும் வெளிப்பட்டு, 1916இல் மறையும்வரை பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் ஆதரவில் வாழ்ந்தார். தன் பெயரைத் தானே கூறுதல் அவர்தம் இனத்து வழக்கமன்று. அவர் தம் பெயரை எவருக்கும் வெளியிடாமலே இறந்தார். ‘இஷி’ என்பது அவரது மொழியில் ‘மனிதன்’ எனப் பொருள்படும் சொல்; குரோபர் அவரை அழைப்பதற்காக இட்ட பெயர் அது. இவ்வரலாறு நாவலின் நேரடி மூலம் எனக் கூறுவதற்கில்லை. எனினும், பெயரை மறைத்தலும் வெளியிடுதலும் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கும் ஓருலகைப் படைத்தவர், அத்தகைய மௌனமொன்றின் வரலாற்றை எழுதியவரின் மகள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

நாவல் தோன்றிய வரலாறும் சுவையானது. பேர்க்கிளியில் இயங்கிய பர்ணாசஸ் என்னும் சிறிய பதிப்பகம், சிறார் பருவத்தைத் தாண்டி வளர்ந்துவரும் இளையோருக்காக ஒரு நூல் எழுதித் தருமாறு 1967இல் லெ குவினைக் கேட்டது. அதுவரை அவர் சிறுவர்க்கென எழுதியவரல்லர். கதைகளில் வரும் மந்திரவாதிகள் அனைவரும் நரைத்த தாடியுடைய முதியவர்களாகவே இருப்பதேன், அவர்கள் இளைஞராயிருந்தபோது எவ்வாறு இருந்தனர், அக்கலையை எங்கே கற்றனர் என்ற வினாக்களே கதைக்கு வித்தாயின எனப் பின்னர் அவர் எழுதியுள்ளார். மந்திரம் கற்பிக்கும் கல்விக்கூடம் என்ற கருத்து, 1997இல் ‘ஹரி பொற்றர்’ நாவல்கள் வெளிவரத் தொடங்கிய பின்னர் உலகெங்கும் பரிச்சயமானது. அதற்கு இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, அக்கருத்தைக் கல்வி பற்றிய விசாரணையாக லெ குவின் கையாண்டிருந்தார்.

எர்த்சீ என்பது நூற்றுக்கணக்கான தீவுகளாலாகிய உலகு. அதில் கோன்ற் என்னும் மலைத்தீவின் சிற்றூரொன்றில், வெண்கலக் கொல்லனின் மகனாகப் பிறந்து தாயை இழந்து வளர்பவன் டனி. ஆடுகளை அழைக்கும் மந்திரச் சொல்லொன்றை ஊர்ச் சூனியக்காரியான பெரியதாயிடம் செவிவழி கேட்டு, பொருளறியாமலே அதனைச் சொல்லிப் பார்க்கின்றான். ஆடுகள் வந்து குழுமுகின்றன. ஆனால் விலகிச் செல்ல மறுக்கின்றன. அழைக்கத் தெரிந்தவனுக்கு அனுப்பத் தெரியவில்லை. நாவல் முழுவதும் விரிய இருக்கும் அவலத்தின் விதை இச்சிறு வேடிக்கையிலேயே இடப்பட்டுவிடுகின்றது.

பின்னர் கார்காட் நாட்டுப் படையினர் ஊரைத் தாக்க, டனி மூடுபனியை வருவித்து ஊரைக் காக்கின்றான். அவனது ஆற்றலைக் கேள்வியுற்று வந்த ஓகியன் என்னும் மந்திரர் அவனுக்குப் பதின்மூன்றாம் வயதில் ‘கெட்’ என்ற மெய்ப்பெயரைச் சூட்டித் தம் மாணாக்கனாக ஏற்கின்றார். உலகோர் அவனை அழைப்பது ‘வல்லூறு’ என்ற புறப்பெயரால். ஓகியனின் பொறுமையைச் சகிக்காத கெட், ரோக் தீவிலுள்ள மந்திரக் கல்விக்கூடத்துக்குச் செல்கின்றான். அங்கு அவன் பெறும் வெற்றிகள் பல. ஆனால் சகமாணவனான ஜாஸ்பரின் ஏளனத்தைத் தாங்காது, தன் வல்லமையை மெய்ப்பிக்கும் பொருட்டு, இறந்துபட்ட பேரழகியொருத்தியின் ஆவியை ஓரிரவில் அழைக்கின்றான். அவள் ஒருகணம் தோன்றி மறைகின்றாள். திறந்த பிளவின் வழியே உருவற்ற நிழலொன்று உலகினுட் புகுந்து அவனைத் தாக்குகின்றது. அப்பிளவை அடைக்கும் முயற்சியில் கல்விக்கூடத்தின் முதிய தலைவர் நெமர்ல் உயிர் துறக்கின்றார். முகத்திலே வடுவும் உள்ளத்திலே அச்சமும் கொண்டு எழும் கெட், அந்நிழலிடமிருந்து தப்பி ஓடுவதும், பின் ஓகியனின் அறிவுரைப்படி திரும்பி நின்று அதனைத் துரத்துவதும் நாவலின் பிற்பகுதியாக விரிகின்றன. உலகின் கீழ்த்திசை விளிம்பிலே, மணலாய் உறைந்துபோன கடலின்மீது, அவன் நிழலை நேருக்குநேர் சந்திக்கின்றான். இருவரும் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கின்றனர். இரண்டும் ஒரே பெயர்: கெட்.

இந்நாவலின் மந்திரக் கோட்பாடு மொழிபற்றிய கோட்பாடாக அமைந்திருப்பது மொழி பயில்வோரின் கவனத்துக்குரியது. எர்த்சீயில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆதிமொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. தீவுகளையே அவற்றின் பெயர்களைச் சொல்லிக் கடலினின்றும் எழுப்பினார் செகோய் என்பது அவ்வுலகின் தொன்மம். ஒன்றின் மெய்ப்பெயரை அறிந்தவன் அதன்மீது ஆணை செலுத்த வல்லவனாகின்றான். நிறைந்த சொல்லாற்றல் உடையோரின் ஆணையாற் பிறக்கும் மறைபொருள் மொழியே மந்திரம் எனத் தொல்காப்பியச் செய்யுளியல் தரும் விளக்கத்தை அறிந்த தமிழ் மாணவனுக்கு இது முற்றிலும் அந்நியமான சிந்தனையன்று. ‘மெய்’ என்ற சொல் உண்மையையும் உடம்பையும் ஒருங்கே சுட்டுவதால், ‘மெய்ப்பெயர்’ என்ற தொடரும் நாவலின் கருத்தை இயல்பாகவே தாங்கிக்கொள்கின்றது.

ஆயின் இக்கோட்பாட்டை ஆதிக்கத்தின் கோட்பாடாக மாத்திரம் கொள்வது பிழையாகும். லெ குவின் அதற்கு இரு வரம்புகளை விதிக்கின்றார். முதலாவது, அறிவின் வரம்பு. ரோக் தீவின் வடக்கே தனித்துயர்ந்த கோபுரமொன்றிலே பெயராசான் தம் மாணாக்கருக்கு நாள்தோறும் பெயர்ப்பட்டியல்களைக் கற்பிக்கின்றார். எழுதப்பட்ட மை நள்ளிரவில் மறைந்துவிடும். அதற்குள் மனனஞ் செய்தாக வேண்டும். கடலை ஆள விரும்புபவன் கடலின் பெயரை அறிந்தாற் போதாது; ஒவ்வொரு குடாவின், முனையின், நீரிணையின் பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவர் பாடம். எனவே அண்மையில் உள்ளதும் துல்லியமாக அறியப்பட்டதுமே ஒருவனது ஆற்றலுக்கு உட்படும். முழு உலகையும் ஒரு சொல்லால் ஆள எவராலும் இயலாது. பொதுமைப்படுத்தும் அவாவுக்கு எதிரான இப்பாடம் அறிவுத்துறை எதனிலும் ஈடுபடுவோர்க்குப் பொருந்துவதாகும்.

இரண்டாவது வரம்பு, நம்பிக்கை. மெய்ப்பெயரை அறிந்தவன் உயிரையே கையிற் கொள்வான் ஆதலின், எர்த்சீ மாந்தர் அதனை மறைத்தே வாழ்கின்றனர். ஆகவே, ஒருவன் தன் மெய்ப்பெயரை மற்றொருவனுக்குக் கூறுதல் தன்னையே கையளித்தலாகும். பேரவலத்தின்பின் கல்விக்கூடத்திலே தாழ்வுற்றுக் கிடக்கும் கெட்டிடம், அவனுடைய தோழன் வெட்ச் விடைபெறும் வேளையில் தன் மெய்ப்பெயரைக் கூறிச் செல்கின்றான். தன் ஆற்றலிலேயே நம்பிக்கையிழந்திருந்த ஒருவனிடம், தன்னை அழிக்கவும் வல்ல ஆயுதத்தை அவன் ஒப்படைக்கின்றான். நாவலில் நிகழும் மந்திரங்கள் யாவற்றிலும் வலியது இச்செயலே எனலாம். பெயரறிதல் ஆதிக்கமாகவும் அமையலாம், நட்பாகவும் அமையலாம் என்ற இருமையே நாவலின் அடிநாதம்.

இவ்விருமை இருவேறு கல்வி முறைகளின் மோதலாகவும் உருக்கொள்கின்றது. மழையைத் திசைதிருப்பும் ஆற்றலிருந்தும் ஓகியன் மழையில் நனைந்தவாறு மரத்தடியிற் படுத்துறங்குவார். வழியிலுள்ள செடியொன்றின் பயன் யாதென வினவும் கெட்டுக்கு, அதற்குப் பயன் எதுவும் தமக்குத் தெரியாதென்றும், எல்லாப் பருவங்களிலும் வேர், இலை, பூ என அதனை அறிந்த பின்னரே அதன் மெய்ப்பெயரைக் கற்கலாம் என்றும் கருத்துப்படக் கூறுவார். பயனை முன்னிறுத்தும் மாணவனுக்கும் பொருளை முன்னிறுத்தும் ஆசானுக்கும் இடையிலான தூரம் இக்காட்சியிலே தெளிவாகின்றது. கெட் இப்பாடத்தைச் செவிமடுக்கவில்லை. அவன் விழைந்தது விரைவையும் புகழையும் ஆகும்.

ரோக் தீவின் ஆசான்களும் இதே உண்மையை வேறு வகையிற் போதிக்கின்றனர். கூழாங்கல்லை வைரமாகத் தோன்றச் செய்வது எளிய கண்கட்டு வித்தை. அதனை மெய்யாகவே வைரமாக்குவது உலகையே மாற்றுவதாகும் எனக் கைவித்தை ஆசான் எச்சரிக்கின்றார். ஒரு தீவில் வருவிக்கப்படும் மழை தொலைவிலுள்ள இன்னொரு தீவில் வறட்சியாக முடியலாம். இயற்கையின் சமநிலை குறித்த இச்சிந்தனைக்குப் பின்னணியாகத் தாவோயிசம் உண்டு. லெ குவின் அந்நெறியின் மூலநூலான ‘தாவோ தே ஜிங்’ நூலுக்கு 1997இல் தம் ஆங்கில வடிவத்தை வெளியிட்டவர். சுற்றாடல் சீர்கேடு பரவலாக விவாதிக்கப்படும் இக்காலத்தில் இப்பகுதி புதிய பொருத்தப்பாடு பெறுகின்றது. எனினும் ஆசான்கள் போதித்தமையால் மட்டும் கெட் கற்றுக்கொள்ளவில்லை. பிறிதொருவரின் உயிர் பலியான பின்னரே கற்றான். போதனைக்கும் அறிதலுக்கும் இடையே உள்ள இப்பிளவை நாவல் மூடி மறைக்கவில்லை.

ஜாஸ்பர் பாத்திரத்தின் வார்ப்பும் இவ்வகையில் நோக்கத்தக்கது. உயர்குடியினன், நாவன்மை மிக்கவன், ஆட்டிடையனாய்த் திரிந்த கெட்டைத் தாழ்வாக நோக்குபவன். சாதாரணச் சிறுவர் நாவலொன்றில் இவனே வில்லனாக வளர்ந்து இறுதியிற் தண்டிக்கப்பட்டிருப்பான். இங்கோ அவன் மந்திரக்கோல் பெறாமலே கல்விக்கூடத்தைவிட்டு நீங்கினான் என்ற செய்தியோடு கதையினின்றும் மறைந்துவிடுகின்றான். பகைவன் வெளியே இருக்கின்றான் என்ற எண்ணத்தில் வாசகன் இளைப்பாறுவதற்கு லெ குவின் இடமளிப்பதில்லை.

நிழல் என்னும் படிமத்தை விளங்கிக்கொள்வதற்கு ஹான்ஸ் கிறிஸ்ரியன் அன்டர்சன் 1847இல் வெளியிட்ட ‘நிழல்’ என்ற கதை துணையாகும். அதில் வரும் அறிஞன் தன் நிழலை எதிர்வீட்டுக்குப் போகவிடுகின்றான். அது திரும்பவில்லை. பல்லாண்டுகளின்பின் செல்வத்தோடு மீளும் நிழல், அறிஞனையே தன் நிழலாக நடக்கச் செய்து, ஈற்றில் அவனைக் கொல்வித்து அரசகுமாரியை மணக்கின்றது. 1975இல் வெளியான தமது கட்டுரையொன்றில் லெ குவின் இக்கதையை விரிவாக ஆராய்ந்து, உளவியலாளர் யுங் கூறிய ‘நிழல்’ என்ற கருத்தோடு அதனை இணைத்துக் காட்டினார். மனிதன் தன்னுள் ஏற்க மறுக்கும் கூறுகளே அவனது நிழல்; மறுக்குந்தோறும் அது வலுப்பெறும் என்பது அக்கருத்தின் சாரம். அன்டர்சனின் அறிஞன் தன் நிழலைக் கைவிட்டமையால் அழிகின்றான். கெட் அதற்குத் தன் பெயரையே இட்டமையால் முழுமையடைகின்றான். இரு படைப்புகளிலும் நிழலை இழந்தவனும் கட்டவிழ்த்தவனும் கற்றோராக இருப்பது தற்செயலன்று. தான் நல்லதையும் அழகியதையும் மட்டுமே அறிந்தவன் என்ற மயக்கம் கற்றோனை எளிதிற் பற்றுவது.

தமிழில் இப்படிமத்தை அறிமுகஞ் செய்வோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் மரநிழலுக்கு ஒரு சொல்லும் உருவ நிழலுக்கு வேறொரு சொல்லும் வழங்குகின்றன. தமிழில் இரண்டும் ‘நிழல்’ என்ற ஒரு சொல்லுள் அடங்கும். வெண்கொற்றக்குடையின் நிழல், திருவடி நிழல் எனத் தண்மையும் அடைக்கலமும் சுட்டி வளர்ந்த சொல் அது. எனவே நாவலின் முற்பகுதியில் நிழல் விளைக்கும் அச்சம் தமிழில் முழுமையாக ஒலிப்பதில்லை. ஆனால் முடிவில், அஞ்சி ஓடிய நிழலையே கெட் இரு கைகளாலும் தழுவிக்கொள்ளும் இடத்தில், தமிழ்ச்சொல்லின் பழைய தண்மை எதிர்பாராத வகையிற் துணைநிற்கின்றது. மொழிபெயர்ப்பில் இழக்கப்படுவன பற்றிப் பேசுவோர் இத்தகைய ஈட்டங்களையும் கருதுதல் வேண்டும்.

நாவலின் சமூகப் பார்வையும் ஆராயத்தக்கது. கெட் செம்பழுப்பு நிறத்தவன்; வெட்ச் கரியவன். எர்த்சீயின் பெரும்பாலான மக்கள் இத்தகையோரே. வெண்ணிறத் தோலும் பொன்னிறக் கூந்தலும் உடையோர், முதல் இயலில் ஊரைக் கொள்ளையிட வரும் கார்காட் நாட்டவர். வெண்ணிறத்தை நாயகனுக்கும் கருமையைத் தீமைக்கும் உரியதாக்கிய அதிகற்பனை மரபை 1968ஆம் ஆண்டில், எவ்வித ஆரவாரமுமின்றி, தலைகீழாக்கிய செயல் இது. இதனைச் சந்தை எளிதில் ஏற்கவில்லை. பல பதிப்புகளின் அட்டைகள் கெட்டை வெள்ளையனாகவே தீட்டின. 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தழுவலில் வெள்ளை நடிகரொருவரே அப்பாத்திரத்தை ஏற்றார்; லெ குவின் அதனை எழுத்திற் கண்டித்தார். அவ்வாறே, நன்மைக்கும் தீமைக்குமிடையிலான பெரும் போரும் இந்நாவலில் இல்லை. வியட்நாம் யுத்தம் உக்கிரமடைந்திருந்த காலத்தில் ஓர் அமெரிக்கர் போரற்ற வீரகதையொன்றை எழுதினார் என்பது கருதத்தக்கது.

உள்ளடக்கத்துக்கேற்ற உருவத்தையும் நாவல் பெற்றுள்ளது. கெட் பிற்காலத்தில் தலைமை மந்திரராகவும் வலுசர்ப்பங்களோடு உரையாடவல்ல பெருமகனாகவும் புகழெய்துவான் என்பது தொடக்கத்திலேயே கூறப்பட்டுவிடுகின்றது. ஆகவே அவன் பிழைப்பானா என்ற ஐயத்தாற் கதை நகர்வதில்லை; எத்தகையவனாகப் பிழைப்பான் என்ற வினாவாலேயே நகர்கின்றது. வாய்மொழிக் காப்பியம் சொல்வோரின் தொனியில், பத்து இயல்களில், சுருங்கச் சொல்லும் உரைநடை கையாளப்படுகின்றது. ஆனால் காப்பிய மரபுக்கு மாறான ஒரு செய்தியோடு நூல் முடிகின்றது. கெட்டின் புகழைப் பாடும் எர்த்சீயின் பெரும்பாடலில் அவன் நிழலைச் சந்தித்த நிகழ்ச்சி இடம்பெறவில்லை. புகழுக்காகத் தொடங்கியவனின் அதிமுக்கிய செயல் புகழின் ஏட்டிற் பதியப்படாமலே போகின்றது. இதனினும் கூரிய முரண்நகையைச் சிறுவர் இலக்கியத்திற் காண்பது அரிது.

நாவலின் குறைகளையும் சுட்டுதல் திறனாய்வின் கடமையாகும். ரோக் கல்விக்கூடத்திற் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்ற கருத்து எர்த்சீயின் பழமொழிகளாகவே வழங்குகின்றது. கதையும் அதனைக் கேள்விக்குட்படுத்துவதில்லை. ஊர்ச் சூனியக்காரி அறியாமையின் உருவாகவும், கெட்டை மயக்க முனையும் சீமாட்டி வஞ்சத்தின் உருவாகவும் சித்திரிக்கப்படுகின்றனர். நிறத்தைப் பொறுத்தவரை மரபை உடைத்தவர் பால் வேறுபாட்டைப் பொறுத்தவரை மரபுக்குட்பட்டு நின்றார். லெ குவின் இதனைத் தாமே உணர்ந்தார். 1971இல் ‘அற்றுவானின் கல்லறைகள்’, 1972இல் ‘மிகத் தொலைவான கரை’ ஆகியன வெளிவந்து முத்தொகுதியாய் முடிந்ததெனக் கருதப்பட்ட கதையை, 1990இல் ‘தெகானு’ என்னும் நாவலால் மீளத் திறந்தார். அதில் நடுவயது விதவையொருத்தியும், நெருப்பிற் கருகிய சிறுமியொருத்தியும் மையம் பெற, கெட் ஆற்றல் முழுவதையும் இழந்தவனாக வருகின்றான். 1992இல் ஒக்ஸ்போர்ட்டில் ஆற்றிய உரையில் இம்மறுபரிசீலனையின் காரணங்களை அவர் விளக்கினார். தாம் படைத்த உலகின் அநீதியைத் தாமே எதிர்கொண்டமை, தன் நிழலுக்குத் தன் பெயரையிட்ட கெட்டின் செயலுக்கு ஒப்பானது.

சமூக முரண்பாடுகளைத் தனிமனிதனின் உள்ளத்துக்குள் ஒடுக்கி, அகத் தெளிவையே விடுதலையாகக் காட்டுகின்றது என்பது முற்போக்கு நோக்கில் எழக்கூடிய மற்றொரு மறுப்பு. இதில் ஓரளவு நியாயம் உண்டு. கார்காட் கொள்ளையர் ஏன் வந்தனர், தீவுகளிடையே செல்வம் எவ்வாறு பகிரப்படுகின்றது என்பவற்றை இந்நாவல் வினவுவதில்லை. ஆயினும் பென்டோர் தீவு நிகழ்ச்சி இம்மறுப்புக்கு ஒரு வரம்பிடுகின்றது. கெட் காவலனாகப் பணியாற்றும் எளிய மீனவர் தீவுகளை வலுசர்ப்பங்களிடமிருந்து காக்க அவன் பென்டோருக்குச் செல்கின்றான். நிழலின் பெயரைத் தான் கூறுவதாக முதிய வலுசர்ப்பம் ஆசை காட்டுகின்றது. அது அவன் உயிருக்கே விலையான அறிவு. அவன் அதனை மறுத்து, அம்மக்களை ஒருபோதும் தீண்டாதிருக்குமாறு வலுசர்ப்பத்தை அதன் மெய்ப்பெயரின்மீது ஆணையிடுவிக்கின்றான். தன் மீட்சியா, பிறர் நலமா என்ற தேர்வில் அவன் பிறர் நலத்தையே கொள்கின்றான். அகத் தெளிவுக்குச் செல்லும் வழி மீனவர் குடிசைகளினூடாகவே செல்கின்றது என்பதை நாவல் அறிந்தேயிருக்கின்றது.

1969இல் ‘பொஸ்ரன் குளோப் – ஹோர்ன் புக்’ பரிசினைப் பெற்ற இந்நாவலை, லெ குவின் 2018ஆம் ஆண்டு சனவரியில் மறைந்த பின்னரும் புதிய தலைமுறையினர் வாசித்துவருகின்றனர். தேவையற்ற கடுஞ்சொல் எதுவுமில்லாத நடையில் அமைந்த சிறிய நூல் ஆதலால், ஆங்கிலத்தில் ஓரளவு பயிற்சியுடைய எம்மாணவனும் இதனை மூலத்திலேயே பயிலலாம். ‘மந்திரவாதி’ என்ற சொல் தமிழில் பில்லி சூனியத்தின் வாடையைக் கொண்டது என்பதை அறிந்து, அவ்வாடையை நீக்கி அணுகினாற் போதும்.

பல்கலைக்கழகமும் பெயர்களைக் கற்பிக்கும் இடமே. கோட்பாடுகளின் பெயர்கள், காலகட்டங்களின் பெயர்கள், நோய்களின் பெயர்கள், கனிமங்களின் பெயர்கள் எனப் பட்டியல்கள் இங்கும் நீள்கின்றன. பரீட்சை முடிந்த இரவில் பல மறைந்தும்விடுகின்றன. பிறரை வெல்வதற்காக அழைக்கப்படும் அறிவு, அழைத்தவன் அனுப்பவியலாத எதனை உடன் கொண்டுவரும் என்ற வினாவை இந்நாவல் பதினைந்து வயது வாசகனுக்கும் விளங்கும் மொழியில் எழுப்புகின்றது. அவ்வினாவைப் பட்டம் பெறுவதற்கு முன் ஒருமுறையேனும் எதிர்கொள்ள விரும்பும் மாணாக்கர், நூலகத்தின் கீழ்த்தட்டுவரை குனிந்து இந்நூலை எடுப்பதில் இழுக்கொன்றுமில்லை.